ஜப்பானிய மொழியில் 'இதுவா அதுவா' சொல்வது எப்படி?

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஆரம்பப் படியான என்-5 தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: இரண்டில் ஒன்று என்று சொல்ல ஜப்பானிய மொழியில் 'க', 'சொரெதொமொ', 'மதவ', 'தொச்சிர', 'க தோ க' என்று ஏகப்பட்டது வருகிறது. குறிப்பேட்டில் எல்லாவற்றுக்கும் நேரே 'அல்லது' என்றே எழுதி வைத்திருக்கிறேன். எதை எங்கே போடுவது?

முதல் வேலையாக அந்த 'அல்லது'வை அடித்துவிடுங்கள். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'அல்லது' என்கிறோம்? "காபியா டீயா?" என்று கேட்கிறோம். "காபியோ டீயோ, இருக்கிறதைக் கொடுங்க" என்கிறோம். 'அல்லது' வருவது விண்ணப்பப் படிவத்திலும் செய்தி வாசிப்பிலும்தான். பாடப்புத்தகத்தின் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதில் எல்லாவற்றுக்கும் 'ஆர்' என்ற ஒரே சொல், அதை அப்படியே 'அல்லது' என்று மாற்றிக்கொண்டீர்கள். குழப்பம் அங்கே புகுந்ததுதான். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவிட்ட வேலைகளை ஜப்பானியம் பிரித்து வைத்திருக்கிறது. பேச்சுத் தமிழும் பெரும்பாலும் அதே இடங்களில்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே நேரே தமிழிலிருந்து போங்கள், பாதி வேலை முடிந்துவிடும். தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதினால் கேள்விக்கு வரும் 'க'வும் எழுவாய்க்குப் பின்னால் வரும் மெல்லொலி உருபும் ஒன்றாகத் தெரியும். நம் தலைப்புக்கு அது ஆபத்து. அதனால் கேள்வி உருபை 'க' என்றும் ('கல்' என்பதில் வரும் ஒலி), எழுவாய் உருபை 'ங' என்றும் எழுதுகிறேன். இது என் வசதிக்காகக் கண்டுபிடித்தது அல்ல. பழைய தோக்கியோ உச்சரிப்பில் அந்த உருபு மூக்கொலியாக, கிட்டத்தட்ட நம் 'ங' போலத்தான் ஒலிக்கும். செய்தி வாசிப்பவர்களிடம் இன்றும் கேட்கலாம். 'ஙப் போல் வளை' என்பதைத் தாண்டி அந்த எழுத்துக்கு ஒரு வேலை கிடைத்ததே! மற்ற சொற்கள் தோராயமாகத்தான் இருக்கும், ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

'கோஹீ க கோச்ச ஒ நொமிமஸ் க?'
'கோஹீ ஒ நொமிமஸ் க, கோச்ச ஒ நொமிமஸ் க?'

முதலாவது, "காபியோ டீயோ ஏதாவது குடிக்கிறீர்களா?" இரண்டாவது, "காபி குடிக்கிறீர்களா, டீ குடிக்கிறீர்களா?" முதல் கேள்விக்கு 'ஹய்' (ஆமாம்) என்று பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு 'ஹய்' என்றால் அது "காபியா டீயா?" என்று கேட்டவரிடம் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் கடி ஜோக்தான். ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் குரலின் ஏற்ற இறக்கத்தால்தான் பிரிக்க முடியும், எழுத்தில் ஒன்றாகவே தெரியும். தமிழில் '-ஓ' வேறு, '-ஆ' வேறு. ஜப்பானியத்தில் இரண்டுக்கும் ஒரே 'க'தான். ஆனால் அது உட்காரும் இடம் வேறு. பெயர்ச்சொற்களுக்கு நடுவே உட்கார்ந்தால் நம் '-ஓ'. வாக்கியத்தின் கடைசியில், ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு தடவை வந்தால் நம் '-ஆ'. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் 'அல்லது' சிக்கலில் பாதி தீர்ந்தது.

தமிழ் காலை வாரும் முதல் இடம் இதை ஒட்டியே வருகிறது. "பஸ்ஸிலோ ரயிலிலோ போவேன்" என்று நாம் வேற்றுமையை இரண்டு இடத்திலும் போடுவோம். ஜப்பானியத்தில் ஒரே ஒருமுறை, கடைசியில் மட்டும்: 'பஸு க தென்ஷ தெ இகிமஸ்'. 'பஸு தெ க தென்ஷ தெ' என்று நான் ஆரம்பத்தில் எழுதிய வீட்டுப்பாடங்கள் எல்லாம் சிவப்பு மையோடுதான் திரும்பி வந்தன.

இன்னொன்று, மறுத்துச் சொல்லும்போது. சைவக்காரர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். "கறியோ மீனோ சாப்பிட மாட்டேன்" என்று நினைத்துக்கொண்டு 'நிகு க சகன ஒ தபெமசென்' என்றால், "இரண்டில் ஏதோ ஒன்றைச் சாப்பிடுவதில்லை, எது என்று நினைவில்லை" என்கிற மாதிரி கேட்கும். எதிரே இருப்பவர் விழிப்பார். அங்கே 'க' கூடாது, 'மொ' வேண்டும்: 'நிகு மொ சகன மொ தபெமசென்'. தமிழிலும் இதற்கு '-உம்' இருக்கிறதே: "கறியும் மீனும் சாப்பிட மாட்டேன்." அச்சு அசல் அதேதான். (இலக்கணம் சரியாக இருந்தாலும் வயிறு தப்பிக்காது. நூடுல்ஸ் குழம்பில் பெரும்பாலும் உலர்ந்த மீனின் சாறு இருக்கும், அதை அவர்கள் 'மீன்' என்ற கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 'தஷி' என்ற அந்தச் சாற்றைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள்.)

இந்த 'க', 'மொ' ஜோடி கேள்விச் சொற்களோடு சேரும் விதம்தான் எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த பகுதி. 'தரெ' என்றால் யார். 'தரெ க' என்றால் யாரோ. 'தரெ மொ' என்றால் யாரும் (வரவில்லை). 'தரெ தெமொ' என்றால் யாரானாலும். இதே மாதிரி 'தொகொ' எங்கே, 'தொகொ க' எங்கோ, 'தொகொ மொ' எங்கும் (இல்லை), 'தொகொ தெமொ' எங்கேயானாலும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். நாம் அட்டவணையோடு பிறந்தவர்கள். வேற்றுமை உருபு மட்டும் கவனம். 'மொ'வுக்கு முன்னால் உருபு வரும்: 'தரெ நி மொ' என்பது யார்+உக்கு+உம், நம் வரிசையேதான். 'க'வுக்கு மட்டும் தலைகீழ், உருபு பின்னால் வரும்: 'தரெ க நி'. நம்முடையது யார்+உக்கு+ஓ. 'யாரோவுக்கு' என்று சொல்வது போல நினைத்துக்கொள்ளுங்கள், காதுக்குக் கண்ணராவியாக இருந்தாலும் மறக்காது.

கேட்டல் தேர்வில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று:

'தரெ க கிமஷித க?'
'தரெ ங கிமஷித க?'

"யாராவது வந்தார்களா?" என்பது ஒன்று, "யார் வந்தார்?" என்பது இன்னொன்று. முதலாவதற்கு 'ஹய், கிமஷித' (ஆமாம், வந்தார்கள்) என்று தொடங்கலாம், இரண்டாவதற்குப் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே ஓர் எழுத்து ஒலிதான் வித்தியாசம். தமிழ்க் காதுக்கு க-வும் அதன் மெல்லொலியும் ஒரே எழுத்து என்பதால் நாம் இங்கே நழுவ வாய்ப்பு அதிகம். பதிலைத் தேடும்போது 'ஹய்' என்று தொடங்குவதா, பெயரோடு தொடங்குவதா என்று பாருங்கள், விடை தானாக வந்துவிடும்.

இத்தனை ஒற்றுமையைப் பார்த்ததும் இரண்டு மொழிகளும் உறவா என்று தோன்றும். ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ அப்படித்தான் வாதிட்டார், தமிழ்நாட்டில் அவருக்கு நல்ல வரவேற்பும் கிடைத்தது. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் மொழிகள் பலவற்றில் இப்படிச் சாயல்கள் உண்டு. உறவோ இல்லையோ, படிப்பதற்கு உதவுகிறது, எனக்கு அது போதும்.

'சொரெதொமொ'வைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டு கேள்விகளுக்கு நடுவே வரும் சொல் அது, "இல்லை என்றால்", "இல்ல" என்று நாம் இழுப்போமே, அது. 'கோஹீ நி ஷிமஸ் க, சொரெதொமொ கோச்ச நி ஷிமஸ் க?' "காபி சொல்லட்டுமா, இல்ல டீ சொல்லட்டுமா?" கேள்வி அல்லாத வாக்கியத்தில் அதைப் போடாதீர்கள். போடாமல் விட்டாலும் கேள்வி கேள்விதான். 'மதவ' என்பதுதான் அசல் 'அல்லது': படிவம், அறிவிப்பு, "கறுப்பு அல்லது நீல மையால் எழுதவும்". என்-5 மாணவர் அதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும், பேச்சில் எடுக்க வேண்டாம். சட்ட வாசகத்தில் 'மதவ', 'மொஷிகுவ' இரண்டுக்கும் படிநிலையே உண்டு. பெரிய பிரிவைப் பிரிப்பது 'மதவ', அதற்குள் சிறியதைப் பிரிப்பது 'மொஷிகுவ'. வக்கீலாகப் போகிறவர்கள் கவலைப்படட்டும்.

இனி 'தொச்சிர'. இரண்டை எதிரெதிரே வைத்து எது என்று கேட்கும் சொல். அமைப்பு: 'சொப தொ உதொன் தொ, தொச்சிர ங சுகி தெஸ் க?' சொப மெல்லிய நூடுல்ஸ், உதொன் தடித்தது, இரண்டில் எது பிடிக்கும் என்று கேள்வி. இங்கே இருக்கும் 'தொ'வுக்கு 'உடன்' என்றுதான் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பிறகு கேட்கிறார்கள். இந்த இடத்தில் 'க' போட்டு 'சொப க உதொன்' என்று தொடங்கினால் வாக்கியம் தடம் புரண்டுவிடும்.

பதில்: 'சொப நொ ஹோ ங சுகி தெஸ்.' 'ஹோ' என்றால் திசை, பக்கம். "சொப பக்கம்தான் எனக்குப் பிரியம்." கேள்வியிலும் பதிலிலும் 'ங'தான், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும் உருபான 'வ' வராது. கேள்விச் சொல்லுக்குப் பின்னால் 'வ' ஒருநாளும் ஒட்டாது. தமிழில் இந்த வேறுபாடு கிடையாது, அதனால் இதைப் பழகித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும்.

தமிழ் மறுபடி காலை வாருவது இங்கேதான். "தனகாவும் யமதாவும், இரண்டு பேரில் யார் உயரம்?" என்று நாம் 'யார்' போடுவோம். "சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா, எப்போது வசதி?" என்று 'எப்போது' போடுவோம். ஜப்பானியத்தில் ஆளோ, ஊரோ, நாளோ, இரண்டு என்று ஆகிவிட்டால் 'தொச்சிர'தான்: 'தொயோபி தொ நிச்சியோபி தொ, தொச்சிர ங ஈ தெஸ் க?' மூன்றானதும் நிலைமை மாறுகிறது. ஆளுக்கு 'தரெ', நாளுக்கு 'இட்சு', ஊருக்கு 'தொகொ' எல்லாம் திரும்பி வந்துவிடும், கூடவே 'இச்சிபன்' (முதலாவதாக, மிகவும்). பொருள் என்றால் இன்னொரு கிளை: பெயர் சொல்லி வரிசையாக வைத்தவற்றில் ஒன்று என்றால் 'தொரெ', பழங்கள் என்று மொத்த வகையைச் சொல்லிக் கேட்டால் 'நனி'. ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை மூன்றில் 'தொரெ ங இச்சிபன்'. பழத்திலேயே 'நனி ங இச்சிபன்'.

நண்பர்களுக்குள் 'தொச்சிர' சுருங்கி 'தொச்சி' ஆகும். மெய்ஜி நிறுவனத்தின் சாக்லேட் பிஸ்கட் இரண்டு இருக்கின்றன. காளான் வடிவில் 1975இல் வந்த 'கினொகொ நொ யம', மூங்கில்குருத்து வடிவில் 1979இல் வந்த 'தகெனொகொ நொ சதொ'. எது ருசி என்று ஜப்பானில் இன்றும் ஓயாத விளையாட்டுச் சண்டை. 'கினொகொ தொ தகெனொகொ, தொச்சி ங சுகி?' என்று ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் போதும், பயிற்சிக்கு அரை மணி நேரப் பேச்சு உங்களுக்குக் கிடைத்துவிடும். இரண்டும் பிடித்தால் 'தொச்சி மொ சுகி'. மறுபடியும் நம் '-உம்': "இரண்டும் பிடிக்கும்."

ஒப்பிட்டுச் சொல்ல 'யொரி'. இது நம் 'விட'. 'பஸு யொரி தென்ஷ நொ ஹோ ங ஹயய்', "பஸ்ஸை விட ரயில் வேகம்". சொல் வரிசை கூட ஒன்றுதான், 'வேகம்' என்ற சொல்லை எதுவும் செய்ய வேண்டியதில்லை. தோற்றதன் பின்னால் 'யொரி', ஜெயித்ததன் பின்னால் 'ஹோ'. "பஸ் ரயில் அளவுக்கு வேகம் இல்லை" என்றால் 'பஸு வ தென்ஷ ஹொதொ ஹயகுனய்'. 'ஹொதொ' என்பது அந்த 'அளவுக்கு'. செயல்களை ஒப்பிட்டால் வினைக்குப் பின்னால் 'நொ' போட்டுப் பெயராக்க வேண்டும்: 'அருகு நொ தொ பஸு நி நொரு நொ தொ', அதாவது 'நடப்பது', 'பஸ்ஸில் ஏறுவது'. நம் '-அது' செய்யும் வேலை.

இதே 'ஹோ'தான் அறிவுரையிலும் வருகிறது: 'குசுரி ஒ நொந்த ஹோ ங ஈ', "மருந்து சாப்பிட்டால் நல்லது". இனிமேல் செய்ய வேண்டியதற்கு ஏன் இறந்தகால வடிவம் என்று எல்லோரும் கேட்பார்கள். 'சாப்பிட்டால்', 'வந்தால்', 'போனால்' எல்லாம் எந்த அடியில் நிற்கின்றன என்று பாருங்கள். நாமும் இறந்தகால அடியில்தான் கட்டியிருக்கிறோம், கவனித்ததில்லை. செய்ய வேண்டாம் என்றால் மட்டும் இறந்தகாலம் கிடையாது: 'இகனய் ஹோ ங ஈ', போகாமல் இருப்பது நல்லது.

'க தோ க' என்பது "வருவாரா இல்லையா என்று தெரியவில்லை" என்பதில் உள்ள 'ஆ இல்லையா'. 'தனகசன் ங குரு க தோ க வகரிமசென்.' உள்ளே இருக்கும் வினை எளிய வடிவில்தான் வரும். மரியாதையாகப் பேசும் நினைப்பில் 'கிமஸ் க தோ க' என்று எழுதிவிடாதீர்கள், மரியாதை கடைசி வினைக்கு மட்டும். "மாணவரா இல்லையா" என்பதில் நமக்கு நடுவே வினை எதுவும் வராது, ஜப்பானியத்திலும் 'ஆவார்' என்பது போல வாக்கியத்தை முடிக்கும் 'த' உதிர்ந்துவிடும்: 'ககுசே க தோ க'. கேள்விச் சொல் உள்ளே வந்துவிட்டால் 'தோ க' வேண்டாம், 'இட்சு குரு க' போதும். "எப்போது வருவாரா இல்லையா" என்று யாராவது சொல்வார்களா?

இனி கடைக்குப் போகலாம். ஹோட்டலில் 'நனி நி நசய்மஸ் க?' என்று கேட்பார்கள். 'நசய்மஸ்' என்பது 'ஷிமஸ்'ஸின் மரியாதை வடிவம், அதை நீங்கள் திருப்பிச் சொல்லக் கூடாது. பதில் 'சொப நி ஷிமஸ்'. தீர்மானித்துவிட்டேன், சொபதான். இதைவிடச் சுருக்கமாக 'பொகு வ உனகி த' என்பார்கள். அச்சடித்தாற்போல் எடுத்துக்கொண்டால் "நான் விலாங்கு மீன்". இலக்கணக்காரர்கள் இதற்கு 'விலாங்கு வாக்கியம்' என்றே பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். "நான் மசால்தோசை, அவர் பூரி" என்று சர்வரிடம் சொல்லிப் பழகிய நமக்கு இதில் என்ன ஆச்சரியம் என்று புரியாது.

துரித உணவுக் கடையில் கல்லாவில் நிற்பவர் மூச்சு விடாமல் ஒன்று கேட்பார்: 'தென்னய் தெ ஒமெஷிஅகரி தெஸ் க, ஒமொச்சிகயெரி தெஸ் க?' காதில் 'தென்னை' என்று விழும், மரத்தைத் தேடாதீர்கள், கடைக்குள் என்று அர்த்தம். உள்ளேயே சாப்பிடுகிறீர்களா, எடுத்துப் போகிறீர்களா என்று கேட்கிறார். மேலே பார்த்த இரண்டாவது வகைக் கேள்விதான், 'ஹய்' என்று தலையாட்டினால் அவர் மறுபடி கேட்பார். பதிலுக்கு விலையும் உண்டு. 2019 அக்டோபரிலிருந்து உள்ளே சாப்பிட்டால் வரி 10 சதவீதம், எடுத்துப் போனால் 8.

ஒருவர் வீட்டுக்குப் போகும்போது உருபு இன்னும் நுணுக்கமாகிறது. என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்ட ஓர் அம்மாவிடம், சிரமம் கொடுக்க வேண்டாமே என்று 'மிசு தெ ஈ தெஸ்' என்று சொன்னேன். தண்ணீரே போதும் என்று பணிவாகச் சொன்னதாக என் நினைப்பு. அவர் முகம் லேசாக மாறியது. 'தெ ஈ' என்றால் "வேறு வழியில்லை, இதுவே போகட்டும்" என்கிற வாடை அடிக்கும். 'ங ஈ' என்றால் "இதுதான் வேண்டும்". விருந்து கொடுப்பவர் ஆசையாகக் கேட்கும்போது 'ஒச்ச ங ஈ தெஸ்' என்று உறுதியாகத் தேர்ந்தெடுப்பதுதான் அவருக்கு மகிழ்ச்சி. எதுவானாலும் சரி என்று 'தொச்சிர தெமொ ஈ தெஸ்' சொல்வதும் நம் "ஏதோ ஒண்ணு" மாதிரி, சொல்லும் விதத்தில் பட்டும்படாமல் ஒலித்துவிடலாம்.

கடைசியாக, தேர்வுபோலத் தெரிந்தும் தேர்வு அல்லாத ஒன்று. 'ஒச்ச தெமொ நொமிமசென் க?' என்று உடன் படிப்பவர் கேட்டால், தேநீருக்கு மாற்றாக என்ன இருக்கிறது என்று யோசிக்காதீர்கள். "டீ கீ ஏதாவது குடிக்கலாமா?" என்கிறார். அந்த 'கீ'தான் 'தெமொ'. போய் ஜூஸ் குடித்தாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.